கையெழுத்திட ஒருவர்



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இருமுறை படித்தேன். எழுதியவர் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த தாய். அவருடைய மகன் பி.காம்., எம்.காம். முடித்து, துபாயில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். பகலெல்லாம் அலுவலகம், இரவெல்லாம் புத்தகம் என்று பாடுபட்டு, அமெரிக்க நாட்டின் சி.பி.ஏ. தேர்வில் நான்கு தாள்களையும் தேறிவிட்டார். செய்தி வந்த அன்று தெரு முழுவதற்கும் இனிப்பு வழங்கினார்களாம். பெண் பார்த்து நிச்சயமும் ஆகிவிட்டது. நிகாஹ் அழைப்பிதழில் மணமகன் பெயருக்குப் பின்னால் "எம்.காம்., சி.பி.ஏ." என்று போடும்படி அச்சகத்தில் எழுதிக் கொடுத்தும் விட்டார்கள்.

அன்றிரவு மகன் தொலைபேசியில், "உம்மா, அத மட்டும் போடாதீங்க. எனக்கு இன்னும் லைசன்ஸ் வரல. ஒரு வருஷ அனுபவத்துக்கு அமெரிக்க சி.பி.ஏ. ஒருத்தர் கையெழுத்துப் போடணும். எங்க கம்பெனியில அப்படி யாருமே இல்ல" என்றிருக்கிறார்.

"ஆறு வருடம் கணக்கு எழுதியவனிடம் ஒரு வருட அனுபவம் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்? பணம் கட்டச் சொன்னவர்கள், படிக்கச் சொன்னவர்கள் ஒருவரும் இதைச் சொல்லவில்லையே!" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

அவருடைய வேதனை நியாயமானது. ஆயினும் அமெரிக்கர்களின் விதியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிட்டு, அந்தத் தம்பிக்கு இன்னும் திறந்திருக்கும் வழிகள் எவை என்பதையும் பார்ப்போம். நம் இல்லங்களில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ள வேண்டும். சி.பி.ஏ. என்பது பட்டமன்று, உரிமம். எம்.ஏ. தேறியவர் மறுநாளே எம்.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம். சி.பி.ஏ. தேர்வில் தேறியவர் அப்படிப் போட்டுக்கொள்ள இயலாது. தேர்வு ஒரு வாசல். கல்வித் தகுதி ஒரு வாசல். அனுபவம் மூன்றாவது வாசல். மூன்றையும் கடந்து, மாநில அரசின் கணக்காயர் வாரியம் உரிமம் வழங்கிய பின்னரே அந்த மூன்றெழுத்து ஒருவருக்குச் சொந்தமாகிறது. அதற்கு முன் அதைப் பெயரோடு சேர்த்துக்கொள்வதை அமெரிக்க மாநிலச் சட்டங்கள் குற்றமாகவே கருதுகின்றன. நம் ஊர் அழைப்பிதழை அமெரிக்காவில் எவர் பார்க்கப் போகிறார் என்று கேட்கலாம். ஆனால் அதே எழுத்துகள் நாளை வேலை விண்ணப்பத்திலும், இணையத்தில் அவர் தம்மைப் பற்றி எழுதும் குறிப்பிலும் இடம்பெறும். உரிமத்திற்கு மனுச் செய்யும்போது அதுவே எதிராக நிற்கக்கூடும். அந்தத் தம்பி தடுத்தது மிகச் சரி.

அமெரிக்காவில் இந்த உரிமத்தை வழங்க மத்திய அலுவலகம் என்று ஒன்று கிடையாது. 1896-இல் நியூயார்க் மாநிலம்தான் முதன்முதலில் சி.பி.ஏ. சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. இன்று ஐம்பது மாநிலங்கள், தலைநகரான வாஷிங்டன் டி.சி., குவாம், போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க வெர்ஜின் தீவுகள், வட மரியானாத் தீவுகள் என 55 ஆட்சிப் பகுதிகள் தனித்தனி வாரியங்களை வைத்திருக்கின்றன. தேர்வு மட்டும் நாடு முழுமைக்கும் பொது. 75 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. மற்றவற்றில் ஊருக்கு ஒரு நடைமுறை. "சி.பி.ஏ. ஆவதற்கு என்ன விதி?" என்று எவரேனும் கேட்டால், "எந்த மாநிலத்தில்?" என்று திருப்பிக் கேட்பவரே விவரம் அறிந்தவர்.

வெளிநாட்டவருக்குத் தேர்வு எழுதுவது இன்று எளிதாகிவிட்டது. 2011-க்கு முன் அதை எழுத அமெரிக்க ஆளுகைக்கு உட்பட்ட மண்ணுக்கே பறந்தாக வேண்டும். ஆசிய மாணவர்கள் பலர் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்குச் சென்று எழுதி வந்தார்கள். 2011-இல் ஜப்பானிலும், பஹ்ரைன், குவைத், லெபனான், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளிலும் மையங்கள் திறக்கப்பட்டன. 2020-இல் இந்தியாவிலும் அறிவித்தார்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் மையங்கள் அமைந்தன. சபர் போன பிள்ளைகள் துபாயிலிருந்தே எழுதலாம், ஊரில் இருப்பவர்கள் சென்னைக்கு ஓர் இரவுப் பயணத்தில் போய் எழுதலாம் என்றாயிற்று. வாசல் அருகில் வந்ததும் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகியதும் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. அவற்றின் விளம்பரங்களில் தேர்வைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். அனுபவத்தைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். தேர்வுக்குத்தான் கட்டணம் வாங்க முடியும். அனுபவத்திற்கு வாங்க முடியாதல்லவா!

கல்வித் தகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது செமஸ்டர் கிரெடிட் என்பது நெடுநாள் விதி. 1983-இல் புளோரிடா தொடங்கிவைத்து ஏனைய மாநிலங்களும் ஏற்றுக்கொண்டது. நம் கல்லூரிப் படிப்பில் ஓராண்டுக்கு முப்பது கிரெடிட் என்று பொதுவாக மதிப்பிடுவதால், மூன்றாண்டு பி.காம். தொண்ணூறில் நின்றுவிடுகிறது, எம்.காம். சேர்ந்தால் நிறைவு பெற வாய்ப்புண்டு. இதை நாமே கணக்கிட்டு முடிவு செய்யக் கூடாது. வாரியம் ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்றுதான் செல்லும்.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ஏன் இந்த அனுபவம், ஏன் இந்தக் கையெழுத்து?

நம் நாட்டுச் சி.ஏ. படிப்பை நினைத்துப் பாருங்கள். ஆர்ட்டிகிள்ஷிப் என்று ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்து, அவர் அலுவலகத்தில் தூசு தட்டுவதிலிருந்து தொழில் பழகுகிறார்கள். மூன்றாண்டாக இருந்த அக்காலம் 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைந்தது. அது படிப்போடு பின்னிக் கிடப்பதால் எவரும் அதைத் தனி விதியாக எண்ணுவதில்லை. அமெரிக்கர்களும் அதையேதான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே அது தேர்வுக்கு வெளியே நிற்கிறது. முன்னாலும் முடிக்கலாம், பின்னாலும் முடிக்கலாம். அதனாலேயே நம் பிள்ளைகளின் கண்ணில் படாமல் போகிறது.

கணக்காயர் இட்ட கையெழுத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது. முன்பின் அறியாத மனிதர் தம் சேமிப்பை ஒரு கம்பெனியில் போடுகிறார். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் புத்தகம் படித்தவராக மட்டும் இருந்தால் போதாது, அவருடைய வேலையைக் கண்ணால் கண்ட ஒருவர், தம்முடைய உரிமத்தையே பணயம் வைத்து, "இவரை நான் அறிவேன், இந்த வேலையைச் செய்தார்" என்று சொல்ல வேண்டும். மருத்துவம் படித்தவரை ஹவுஸ் சர்ஜனாக வைத்துப் பார்ப்பது போல என்று கொள்ளுங்கள்.

ஆகவே ஆறு வருடம் வேலை செய்தும் அனுபவம் இல்லையா என்று கேட்டால், அனுபவம் இருக்கிறது. அதற்கு அவர்கள் ஏற்கத்தக்க சாட்சி இல்லை. குறை அங்கேதான்.

அளவைச் சொல்கிறேன். மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வகுக்கப்பட்ட சட்டமும் விதிகளும் சொல்வது, ஓராண்டு அனுபவம். மணிக்கணக்கில் இரண்டாயிரத்துக்குக் குறையக் கூடாது. வாரம் நாற்பது மணி வீதம் ஐம்பது வாரம் உழைத்தால் அது நிறைவாகும். முழுநேரமாகத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை; பகுதிநேரமாகச் செய்து மூன்றாண்டுக்குள் நிறைவு செய்தாலும் முன்மாதிரி விதி ஏற்கிறது. பெண்மக்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்யும் மகளுக்கும் மருமகளுக்கும் கதவு அடைக்கப்படவில்லை. மணிக்கணக்கை எழுதி வைத்திருந்தால் போதும். இரண்டாயிரம் என்பதும் எங்கும் ஒரே எண்ணிக்கையன்று. சில மாநிலங்கள் சற்றுக் குறைத்தும் கேட்கின்றன.

எத்தகைய வேலை கணக்கில் சேரும்? இங்கே பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தால்தான் அனுபவம் என்று நினைக்கிறார்கள். முன்மாதிரிச் சட்டப்படி கணக்கியல், தணிக்கை, வரி, நிதி ஆலோசனை, நிருவாக ஆலோசனை ஆகிய திறன்களைப் பயன்படுத்தும் எந்தப் பணியும் சேரும். அதனை அரசு அலுவலகத்திலும், தனியார் தொழிலிலும், கல்லூரியிலும், கணக்காயர் நிறுவனத்திலும் பெறலாம். எனவே துபாய்க் கம்பெனியின் கணக்குப் பிரிவில் செய்த பணி, அது தனியார் கம்பெனி என்பதற்காக மட்டும் தள்ளுபடியாவதில்லை. ஆனால் ஒன்று. வவுச்சரைப் பதிவு செய்து, பில்லை அடுக்கிக் கழித்த ஆண்டைத் தொழில்முறை அனுபவம் என்று காட்டுவது கடினம். மாத முடிவில் கணக்கை முடித்தது, நிதியறிக்கை தயாரித்தது, தணிக்கையாளர் எழுப்பிய வினாக்களுக்கு விடை தேடியது, வரிக்கணக்கு ஆயத்தம் செய்தது, இருப்பு மதிப்பில் பிழை கண்டு திருத்தியது என்று சொல்லத்தக்க வேலைகள் வேண்டும்.

தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரமே வேண்டும் என்பவர்களுக்குச் சில மாநிலங்கள் இன்னும் கடுமை காட்டுகின்றன. கலிபோர்னியாவில் பொது உரிமத்திற்குப் பன்னிரண்டு மாத அனுபவம் போதும் என்றிருந்தாலும், அந்த அதிகாரத்தோடு கூடிய உரிமத்திற்குத் தணிக்கை போன்ற சான்றுரைக்கும் பணியில் 500 மணி நேரம் காட்ட வேண்டும். கம்பெனிக் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது எளிதில் கிட்டாது. அவர் பொது உரிமத்தோடு அமைதி கொள்வதே விவேகம்.

இனி, கையெழுத்து. பெரும்பாலான வாரியங்கள் விரும்புவது, அமெரிக்க மாநிலம் ஒன்றில் நடைமுறையில் உள்ள உரிமம் பெற்ற சி.பி.ஏ. ஒருவரையே. நம் நாட்டுச் சி.ஏ. எவ்வளவு பெரியவராயினும் அந்த இடத்தில் அவர் கையெழுத்து பொதுவாகச் செல்லாது. ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நியூசிலாந்து, மெக்சிகோ, ஹாங்காங், தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் கணக்காயர் அமைப்புகளோடு அமெரிக்கர்கள் ஒருவரையொருவர் ஏற்கும் உடன்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். இந்தியச் சி.ஏ. நிறுவனத்தோடு அத்தகைய உடன்பாடு இல்லை. நமக்குக் குறுக்கு வழி கிடையாது என்று பொருள்.

அப்படியானால் அந்த ஒருவரை எங்கே தேடுவது?

முதல் வழி, வேலையையே மாற்றிக்கொள்வது. டிலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. என்னும் நான்கு பெருநிறுவனங்களுக்கும் வளைகுடாவிலும் நம் நாட்டிலும் அலுவலகங்கள் உள்ளன. அங்கே அமெரிக்க உரிமம் பெற்றவர்கள் இருப்பார்கள். அமெரிக்கக் கணக்காயர் நிறுவனங்கள் ஹைதராபாத், பெங்களூர், மும்பை போன்ற நகரங்களில் தங்கள் வேலைக்கென்றே ஆட்களை அமர்த்தியிருக்கின்றன. அங்கே அமெரிக்க வரிக்கணக்கும் தணிக்கையும்தான் நாளெல்லாம் நடைபெறும் பணி. மேற்பார்வை செய்பவரும் சி.பி.ஏ.வாக இருக்க வாய்ப்பு மிகுதி. வளைகுடாச் சம்பளத்தை விட்டு ஊருக்கு வந்து குறைந்த சம்பளத்தில் ஓராண்டு உட்காருவது கசப்பாக இருக்கலாம். குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய செய்தி இது. பிள்ளையை மட்டும் தனியே தவிக்க விடாதீர்கள்.

வேலைக்குச் சேரும் நாளிலேயே, "என் பணியைச் சரிபார்த்துக் கையொப்பமிட உரிமம் பெற்றவர் உண்டா? எந்த மாநில உரிமம்? அது இன்று நடைமுறையில் உள்ளதா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்ட சி.பி.ஏ.க்களும் உண்டு, அவர்கள் கையெழுத்து பயன்படாது. வாரியங்களின் பதிவேட்டில் எவருடைய உரிமம் உயிரோடு இருக்கிறது என்பதை எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, மாநிலத்தை மாற்றிக்கொள்வது. எந்த மாநிலத்தின் வழியே தேர்வு எழுதினோமோ அங்கேயேதான் உரிமம் பெற வேண்டும் என்பது இல்லை. மதிப்பெண்ணை இன்னொரு மாநிலத்திற்கு மாற்றிக் கேட்கலாம். அம்மாநிலத்தின் கல்வித் தகுதிக்கும் பிற விதிகளுக்கும் நாம் பொருந்தியிருக்க வேண்டும், அவ்வளவே. நேரடி மேலதிகாரியே கையெழுத்திட வேண்டும் என்பது சில மாநிலங்களின் விதி. வேறு சிலவற்றில், மேலதிகாரியாக இல்லாத சி.பி.ஏ. ஒருவரும், செய்த வேலையின் சான்றுகளைப் பார்த்து, மேலதிகாரியிடம் கேட்டறிந்து, மனநிறைவு அடைந்தபின் சரிபார்க்கலாம். வாஷிங்டன் மாநிலத்தின் விதி நெடுங்காலமாக இப்படி அமைந்தது. ஆனால் சரிபார்ப்பவர் குறைந்தது ஐந்தாண்டு உரிமம் வைத்திருந்தவராக இருக்க வேண்டும் என்றும் அது கேட்டது. தலைநகர் வாஷிங்டன் வேறு, மேற்குக் கரையிலுள்ள இந்த வாஷிங்டன் மாநிலம் வேறு, குழம்பிவிடாதீர்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. மாநில வாரியங்களின் கூட்டமைப்பான நாஸ்பா, அருகில் சி.பி.ஏ. எவரும் இல்லாத வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கென்றே அனுபவச் சரிபார்ப்புச் சேவை ஒன்றை நடத்துகிறது. பணியளித்தவரிடமும் விண்ணப்பதாரரிடமும் விவரம் பெற்று, அவர்கள் தரப்பு சி.பி.ஏ. ஆராய்ந்து அறிக்கை தருவார். கட்டணம் உண்டு. எல்லா மாநிலங்களும் இதை ஏற்பதில்லை, ஏற்பவை சிலவே. ஆகவே பணம் கட்டுமுன் நாம் விரும்பும் வாரியத்திடம், "இதை ஏற்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். நம் கடிதக்காரத் தாயின் மகனுக்கு இந்த இரண்டாம், மூன்றாம் வழிகளே பொருந்தும் என்று தோன்றுகிறது.

நான்காவதாக ஒரு வழியை எவரேனும் காதோடு காதாகச் சொல்லக்கூடும். "இவ்வளவு கொடுத்தால் ஒரு சி.பி.ஏ. கையெழுத்துப் போட்டுத் தருவார், உங்களை அவர் பார்க்கவும் வேண்டாம்" என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். பல மாநிலங்களின் படிவத்தில், பொய் என்று தெரிந்தால் பொய்ச்சாட்சிக் குற்றத்திற்கு உட்படுவேன் என்ற உறுதிமொழிக்குக் கீழேதான் கையெழுத்து. வெளிப்பட்டால் கையெழுத்திட்டவர் உரிமம் போகும். வாங்கியவர் உரிமமும் போகும். பத்தாண்டு கழித்து, இரண்டு பிள்ளைகளோடு அமெரிக்காவில் குடியேறிய பின் அது வெளிப்பட்டால் நிலைமை என்னவாகும்? அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது. பிறர் எழுதிய கணக்கு உண்மையா என்று சாட்சி சொல்வதே இத்தொழில். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒருவரைச் சொல்ல வைத்து இத்தொழிலுக்குள் நுழைபவர், முதல் நாளே அந்தத் தொழிலை விற்றுவிட்டார். பொய்ச்சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று நம் வீடுகளில் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2011-இல் வெளிநாட்டு மையங்களைத் திறந்தபோதே அமெரிக்கர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அங்கே எழுதுபவர்கள், நான்கு தாளும் தேறிய பின் மூன்றாண்டுக்குள் உரிமம் பெறுவதாக ஒப்புதல் தர வேண்டும். தேர்வு என்பது உரிமத்திற்கான படி, வெறும் சான்றிதழ் அலங்காரமன்று என்பது அவர்கள் கருத்து. பலர் அதைப் படிக்காமலே கையொப்பமிட்டுவிடுகிறார்கள். சகோதரி அவர்களே, உங்கள் மகன் கடைசித் தாள் தேறிய நாளைத் தேடி எடுத்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மூன்றாண்டு நீண்ட காலம் போலத் தோன்றும். ஓராண்டு அனுபவம் அதனுள் அடங்க வேண்டும். படிவம் போய்ச் சேர வேண்டும். பல மாநிலங்கள் கேட்கும் தொழில் ஒழுக்கத் தேர்வும் எழுதியாக வேண்டும். கேள்வி கேட்டு வாரியம் திருப்பி அனுப்பினால் அதற்கும் காலம் ஆகும். சில மாநிலங்கள் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கேட்கும்; அங்கே குடியிராதவரிடம் அது இருக்காது. மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குவாம் போன்ற பகுதிகளை வெளிநாட்டார் பலர் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆவணங்களை இன்றே சேர்க்கத் தொடங்க வேண்டும். வளைகுடா வேலை எத்தகையது என்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விசா முடிகிறது, கம்பெனி கைமாறுகிறது, மேலாளர் ஒரு நாள் பெட்டியோடு வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார். ஐந்தாண்டு கழித்து அவரைத் தேடினால் தொலைபேசி எண்கூடக் கிடைக்காது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, என்னென்ன பணி என்று கம்பெனி முத்திரையோடு எழுதிய கடிதம், வாரம்தோறும் செய்த மணிக்கணக்கு, மேலாளரின் முழுப்பெயரும் அவர் பெற்ற தகுதியும் ஆகிய இவற்றைக் கோப்பாக வைத்திருக்க வேண்டும். சி.பி.ஏ. ஒருவரின் கீழ் ஓராண்டு முடித்துவிட்டால், உரிமத்திற்கு இப்போதே மனுச் செய்யாவிடினும், அந்த வேலையை விட்டு விலகுமுன் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது நலம். வாரியம் பழைய தேதியிட்ட படிவத்தை ஏற்குமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டாலும் அவர் நம்மை அறிவார் என்பதற்கு அது கையிலிருக்கும் ஆதாரம்.

அண்மைக்காலத்தில் விதிகள் மாறிவருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் ஒஹாயோ மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. இளங்கலைப் பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவம் இருந்தால், நூற்றைம்பது கிரெடிட் இல்லாமலே உரிமம் பெறலாம் என்பது அதன் சாரம். 2026 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வருவதாக அமைந்தது. வேறு பல மாநிலங்களும் அவ்வழியே சென்றன. முதுகலை படிக்க வசதியற்ற பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி போலத் தெரியும். கவனியுங்கள், அங்கே கேட்பது ஓராண்டு அன்று, இரண்டாண்டு. படிப்பின் எடை குறைந்த அளவுக்கு அனுபவத்தின் எடை கூடியிருக்கிறது. கையெழுத்திட ஒருவர் இல்லாதவருக்கு இப்போது சிக்கல் இரட்டிப்பு. நம்முடைய மூன்றாண்டுப் பி.காமை இளங்கலைப் பட்டமாக அவர்கள் எப்படி எடைபோடுவார்கள் என்பதையும் மதிப்பீட்டு நிறுவனத்தின் மூலமே அறிந்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அந்த உரிமத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அது விசாவன்று, அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி தராது. அதைக் கொண்டு இந்தியாவில் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட முடியாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது நம் நாட்டுச் சி.ஏ. உறுப்பினர்களுக்கே உரியது. வளைகுடா நாடுகளிலும் தணிக்கையாளராகப் பதிவு செய்ய அந்தந்த நாட்டுச் சட்டம் தனியே உண்டு. பெற்ற உரிமத்தைக் காப்பாற்றவும் உழைக்க வேண்டும். தொடர்கல்வி என்று ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் போலக் கேட்கும் மாநிலங்கள் பல. புதுப்பிக்கும் கட்டணம் வேறு. அமெரிக்கக் கணக்கு முறையில் இயங்கும் நிறுவனங்களில் பதவி உயர்வுக்கும், அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் அலுவலகங்களில் மதிப்புக்கும் அது மெய்யாகவே உதவும். அந்த அளவில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். நிலத்தை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டும் அளவுக்கு அன்று.

பிள்ளைகளை இப்படிப்பில் சேர்க்க எண்ணும் பெற்றோர், பயிற்சி நிலையத்தின் படிகளில் ஏறுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை கேளுங்கள்: எந்த மாநிலத்தில் உரிமம் கேட்கப் போகிறோம்? அந்த மாநிலம் எவ்வளவு அனுபவம் கேட்கிறது? அதற்குக் கையெழுத்திடப் போகிறவர் யார்? முதல் இரண்டுக்கும் அவர்கள் கூறும் பதிலை அந்த வாரியத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவதற்கு, "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், பணப்பையை மூடிக்கொண்டு வீடு திரும்புங்கள்.

சகோதரி அவர்களே, உங்கள் மகன் செய்த உழைப்பு வீணாகவில்லை. ஆறாண்டு வேலையின் சான்றுகளை அவர் இந்த வாரமே தொகுக்கட்டும். தம் கல்வித் தகுதிக்குப் பொருந்தும் மாநிலங்களைப் பட்டியலிட்டு, மேற்பார்வையாளர் அல்லாத சி.பி.ஏ.யின் சரிபார்ப்பையோ நாஸ்பாவின் அறிக்கையையோ ஏற்பவை எவை என்று அவ்வாரியங்களுக்கே எழுதிக் கேட்கட்டும். எதுவும் பொருந்தாவிட்டால், வேலை மாறுவதற்கு இன்னும் எத்தனை மாதம் மிஞ்சியிருக்கிறது என்பதை அந்த மூன்றாண்டுக் கணக்கிலிருந்து பாருங்கள். மணமகளின் வீட்டாருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்: தேர்வு தேறிவிட்டார், உரிமம் இன்னும் வரவில்லை. அழைப்பிதழ் இன்னும் அச்சேறவில்லையெனில், எம்.காம். என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி அச்சகத்துக்கு இன்றே ஆள் அனுப்புங்கள்.